ஹம்ப் வழித்தடத்தில் விழுந்த விமானம்: மூன்று படங்களை வைத்து அடையாளம் காண முடியுமா?

(இது ஓர் இணைய மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மலைச்சரிவு (கேள்வி)

அருணாச்சலப் பிரதேசத்தில் சியாங் ஆற்றுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 9,000 அடி உயரத்தில், மூங்கில் காட்டுக்குள் ஒரு பழைய விமானத்தின் உடைசல்கள் கிடக்கின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அசாமிலிருந்து மலைகளுக்கு மேலாகச் சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு ஏற்றிப்போன 'ஹம்ப்' வழித்தடத்தில் விழுந்ததாக இருக்கலாம். வேட்டைக்காரர்கள் கைபேசியில் எடுத்த மூன்று படங்கள்தான் இப்போதைக்குக் கையில் உள்ளன. மழை ஓய்ந்ததும் நவம்பரில் உள்ளூர் வழிகாட்டிகளோடு ஒரு சிறு குழு அங்கே போகிறது.

முதல் படத்தில் பாதி மண்ணில் புதைந்த வட்ட வடிவ இன்ஜின். முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை சிலிண்டர்கள். புரொப்பெல்லருக்கு நான்கு இதழ்கள், அதில் ஒன்று அடியோடு ஒடிந்திருக்கிறது. அதேபோல இன்னொரு இன்ஜின் சுமார் 40 மீட்டர் கீழே ஓடையில் கிடக்கிறதாம். இரண்டாவது படம், விரல் நீளத் தகடு ஒன்று. அதில் 'டபிள்யூ 535 ஏசி' என்று தொடங்கும் எண். மூன்றாவதில் நசுங்கிய இரும்பு டிரம்கள். வால் பகுதி எந்தப் படத்திலும் இல்லை.

நான்கு இதழ் இருப்பதால் இது பி-29 குண்டுவீச்சு விமானம் என்றும், தகட்டில் உள்ளதுதான் விமானத்தின் எண் என்றும் குழுவில் ஒரு கருத்து. சரியா? அங்கே போனதும் எதைத் தேட வேண்டும், எதைப் படமெடுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது? யார் விமானம், யார் போனார்கள் என்று கண்டுபிடித்துச் சேர வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம்.

இரட்டைவரிசை

அந்த 'டபிள்யூ 535 ஏசி' எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது விமானத்தின் எண் இல்லை. அமெரிக்க ராணுவம் உற்பத்தியாளரோடு போட்ட கொள்முதல் ஒப்பந்தத்தின் எண். ஜெனரேட்டர், பம்ப், ரேடியோப் பெட்டி என்று எதில் வேண்டுமானாலும் இருக்கும். ஒரே ஒப்பந்தத்தில் ஆயிரக்கணக்கான உருப்படிகள் வாங்கியிருப்பார்கள். உடைசல்களை அடையாளம் காண்பதில் அடிக்கடி நடக்கும் தவறே இதுதான்: எண் கிடைத்த மகிழ்ச்சியில் அது எதன் எண் என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். மேக்னட்டோவின் (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) தொடரெண்ணை விமான எண் என்று நம்பி, வேறொரு குழுவினரின் குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேர்ந்தால் அந்த வேதனையைத் திரும்ப எடுக்க முடியாது.

இனி இன்ஜின். முன்வரிசையில் எத்தனை சிலிண்டர் என்பதுதான் முதல் கேள்வி. பாதி புதைந்திருந்தாலும் பரவாயில்லை. இன்ஜினுக்கு நேர் எதிரே நின்று எடுத்த படத்தில், அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள கோணத்தை அளந்து பாருங்கள். 40 பாகை வந்தால் வரிசைக்கு ஒன்பது, மொத்தம் 18. சுமார் 51 பாகை வந்தால் வரிசைக்கு ஏழு, மொத்தம் 14. உங்கள் முதல் படம் சற்றுச் சாய்வாக இருக்கிறது, ஆனாலும் 40க்குப் பக்கத்தில்தான் வருகிறது.

ஹம்ப்பில் அதிகம் பறந்தவற்றில் சி-47 விமானத்துக்கும், பி-24 குடும்பத்துக்கும் (சரக்கு வடிவம் சி-87, எரிபொருள் டேங்கர் வடிவம் சி-109) பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 இன்ஜின். அது 14 சிலிண்டர், விட்டம் சுமார் 1.22 மீட்டர், புரொப்பெல்லருக்கு மூன்று இதழ். சி-47க்கு இரண்டு இன்ஜின், பி-24 குடும்பத்துக்கு நான்கு. சி-46க்கு அதே கம்பெனியின் ஆர்-2800, 18 சிலிண்டர், விட்டம் சுமார் 1.34 மீட்டர், இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றும் 2,000 குதிரைத்திறன். போர்க்காலத்தில் பெரும்பாலும் கர்ட்டிஸ் எலெக்ட்ரிக் நான்கு இதழ் புரொப்பெல்லர். உங்கள் படத்துக்குப் பொருந்துவது இதுதான்.

பி-29 என்ற ஐயம் நியாயமானதே. அதற்கும் 18 சிலிண்டர், நான்கு இதழ். ஆனால் அது ரைட் ஆர்-3350, நான்கு இன்ஜின். சிலிண்டர் ஒன்று உடைந்து திறந்திருந்தால் உள்விட்டத்தை அளந்து பாருங்கள்: ஆர்-2800க்கு 146 மி.மீ., ஆர்-3350க்கு சுமார் 156 மி.மீ. அளக்க முடியாவிட்டால், இன்ஜினோடு டர்போ சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இருக்கிறதா என்று தேடுங்கள். பெரிய தட்டு அளவில், விளிம்பெல்லாம் சின்னச் சின்னப் பற்கள் கொண்ட எஃகுச் சக்கரம் அது. துருப்பிடித்தாலும் உருவம் மாறாது. பி-29க்கு ஒவ்வொரு இன்ஜினுக்கும் இரண்டு, பி-24 குடும்பத்துக்கு ஒன்று. சி-46க்கும் சி-47க்கும் கிடையவே கிடையாது. சக்கரக் காலும் சொல்லும்: பி-29க்கு ஒரு காலில் இரட்டைச் சக்கரம், சி-46க்கு ஒற்றைப் பெரிய சக்கரம்.

உடற்பகுதியின் பெரிய துண்டு ஏதாவது கிடைத்தால் குறுக்குவெட்டைப் பாருங்கள். சி-46இன் உடல் இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தியது போல, எட்டு வடிவத்தில் இருக்கும். இரு வட்டமும் சேருமிடத்தில், தரைத்தள உயரத்தில், பக்கவாட்டில் நீளமாக ஒரு உள்மடிப்பு ஓடும். ஒரு மீட்டர் துண்டு இருந்தால்கூட அந்த மடிப்பு தெரியும். வேறு எந்த ஹம்ப் விமானத்திலும் இது இல்லை.

இன்னொரு வழி, பாகங்களில் அடித்த வரைபட எண். இது தொடரெண் இல்லை, எந்த ரகத்தின் பாகம் என்று சொல்லும் எண். கர்ட்டிஸ் நிறுவனத்தில் சி-46இன் உள்பெயர் மாடல் 20, எனவே அதன் பாகங்களில் '20-' என்று தொடங்கும். பி-24 கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் மாடல் 32, அதன் பாகங்களில் '32' என்று தொடங்கி ஓர் எழுத்து வரும். ஒன்று கிடைத்தால் நம்ப வேண்டாம். விமானத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு கிடைத்து எல்லாம் ஒரே தொடக்கமாக இருந்தால் ரகம் உறுதி.

இரண்டு எச்சரிக்கைகள். இன்ஜின் தகட்டில் பியூக், ஷெவ்ரோலெட், ஃபோர்டு, நாஷ் என்றெல்லாம் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். போர்க்காலத்தில் கார் கம்பெனிகள் உரிமம் பெற்று பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களைச் செய்தன. அடுத்தது, ஹம்ப் விமானங்கள் மாற்று இன்ஜின்களையும் சரக்காக ஏற்றிப்போயின. எனவே கண்ணில் படும் இன்ஜினெல்லாம் அந்த விமானத்துடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பின்புறம் எஃகுக் குழாய்த் தாங்கி ஒட்டியிருக்கிறதா, புரொப்பெல்லர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் சரக்காக இருக்க வாய்ப்புண்டு.

கோப்பறை

மேலே சொன்னது 'எந்த ரகம்' என்ற கேள்விக்கு. 'எந்த விமானம்' என்பதற்கு ஆவணம் வேண்டும்.

அமெரிக்க ராணுவ விமானத்தின் தொடரெண் நிதியாண்டோடு தொடங்கும். 42-12345 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொண்டால் (விளக்கத்துக்காக மட்டுமே), வாலில் ஆண்டின் முதல் இலக்கத்தையும் கோட்டையும் விட்டுவிட்டு 212345 என்று எழுதியிருப்பார்கள். வால் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விமானி அறைத் தகட்டில் தயாரிப்பு எண்ணும் ராணுவத் தொடரெண்ணும் சேர்ந்தே இருக்கக்கூடும். இரண்டும் வேறுவேறு, கலந்துவிடாதீர்கள்.

எண் கிடைத்ததும் பார்க்க வேண்டியது காணாமல்போன விமானக் குழு அறிக்கை. சுருக்கமாக எம்.ஏ.சி.ஆர். என்பார்கள். 1943 நடுவில் இந்தப் படிவம் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய இழப்புகள் சிலவற்றுக்குப் பின்னாளில் எழுதிச் சேர்த்தார்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஸ்கேன் செய்த பக்கங்களாக இலவசமாகவே பார்க்கலாம். புறப்பட்ட இடம், போகவேண்டிய இடம், கடைசியாக ரேடியோவில் பேசிய நேரம், வானிலை, ஆட்களின் பெயர், பதவி, ராணுவ எண் எல்லாம் அதில் இருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது, அதே படிவத்தில் இன்ஜின்களின் தொடரெண்களும், துப்பாக்கி இருந்தால் அவற்றின் தொடரெண்களும் இருக்கும் என்பது. வால் கிடைக்காத இடத்தில் இதுதான் காப்பாற்றும். உங்களுக்கு இரண்டு இன்ஜின்கள் இருக்கின்றன. இரண்டின் தொடரெண்ணும் ஒரே எம்.ஏ.சி.ஆரில் உள்ளவற்றோடு ஒத்துப்போனால் அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒன்று மட்டும் ஒத்துப்போனால் கொஞ்சம் பொறுங்கள். பழுது பார்க்கும்போது இன்ஜின்களை விமானத்துக்கு விமானம் மாற்றுவது அன்றாட வேலை, படிவம் எழுதியவர் பழைய பதிவைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

எம்.ஏ.சி.ஆர். இல்லாவிட்டால் அதனால் விமானமே இல்லை என்று ஆகிவிடாது. விழுந்த இடம் உடனே தெரிந்திருந்தாலோ, ஆட்கள் நடந்து வெளியே வந்துவிட்டாலோ அது விபத்து அறிக்கையாகப் பதிவாகியிருக்கும். அவை அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்திலுள்ள விமானப்படை வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் மைக்ரோஃபிலிமாக உள்ளன. அடுத்து, சீனாவின் சி.என்.ஏ.சி. விமான நிறுவனமும் இதே வழியில் பறந்தது. அது ராணுவம் அல்ல, எனவே எம்.ஏ.சி.ஆர். கிடையாது. யுன்னானில் பியான்மா பக்கம் 1943 மார்ச்சில் விழுந்து 1996இல் கண்டுபிடிக்கப்பட்ட சி-53 (சி-47இன் இன்னொரு வடிவம்) அவர்களுடையதுதான். இப்போது அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் டகோட்டா (சி-47க்கு அவர்கள் வைத்த பெயர்) என்றால் எண் இரண்டு எழுத்து, மூன்று இலக்கமாக இருக்கும், ஆவணங்கள் லண்டனில்.

எம்.ஏ.சி.ஆரில் குறித்த இடத்தை விழுந்த இடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கடைசியாகத் தொடர்பு கிடைத்த இடம், அல்லது யாரோ ஊகித்த இடம். சி-46 மணிக்கு ஏறத்தாழ 280 கி.மீ. போகும். கடைசிப் பேச்சுக்குப் பின் அரை மணி நேரம் பறந்திருந்தால் 140 கி.மீ. தள்ளி. அதோடு மணிக்கு 160 கி.மீ. பக்கக்காற்று அடித்திருந்தால், விமானி திருத்தாத பட்சத்தில், அதே அரை மணியில் 80 கி.மீ. ஒதுங்கியிருக்கும். மேற்கு, தென்மேற்குக் காற்று பலரை வடக்கே, இன்னும் உயர்ந்த மலைகளுக்குள் தள்ளிவிட்டது. நேர்வழியைவிட்டு வெகுதூரம் வடக்கே உடைசல்கள் கிடைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

பழைய வரைபடம் பயன்படுத்தினால் இன்னொரு கண்ணி. அமெரிக்க ராணுவ வரைபட சேவையின் 1:250,000 தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய நில அளவை ஆதாரத்தில் வரையப்பட்டவை, இன்றைய ஜிபிஎஸ் அளவோடு சில நூறு மீட்டர் வித்தியாசம் வரும். திறந்த வெளியில் பெரிதல்ல. மூங்கில் காட்டில் சில நூறு மீட்டர் என்பது ஒரு பகல்.

மலைச்சரிவு

மிகவும் நன்றி. படிவத்தில் இன்ஜின் எண் இருக்கும் என்பது தெரியாது. இன்னும் இரண்டு கேள்வி. மலையில் மோதியதா, வானிலேயே உடைந்ததா என்று உடைசலைப் பார்த்தே சொல்ல முடியுமா? வேட்டைக்காரர்கள் எலும்பு எதையும் பார்க்கவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் எல்லோரும் பாராசூட்டில் குதித்திருப்பார்களா?

கீழ்க்காற்று

உடைசல் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதை வரைந்து பார்த்தால் நிறையச் சொல்லும். ஆனால் எண்பது வருடச் சரிவை முதலில் கழிக்க வேண்டும். கனமானது கீழே உருண்டுவிடும், இலேசானது விழுந்த இடத்திலேயே செடியில் சிக்கி நிற்கும். ஒரு ஆர்-2800 ஒரு டன்னுக்கு மேல் எடை. ஓடையில் கிடக்கும் உங்கள் இரண்டாவது இன்ஜின் உருண்டு போனதாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதை வைத்து மோதிய இடத்தைக் குறிக்காதீர்கள். மோதிய இடம் மேலே இருக்கும். மெல்லிய மேல்தகடுகள், உருகி உறைந்த அலுமினியக் கட்டிகள், உடைந்த கண்ணாடி, ரிவெட்டுகள் எங்கே அடர்த்தியாகக் கிடக்கின்றனவோ அங்கே.

மேகத்துக்குள் நேராகப் பறந்து சரிவில் மோதினால் எல்லாம் ஒரு சிறு வட்டத்துக்குள் இருக்கும். மூக்கும் விமானி அறையும் நசுங்கித் தூளாகியிருக்கும், வால் மட்டும் ஓரளவு முழுசாக நிற்கும், ஏனென்றால் முன்பகுதி நசுங்கும்போது வேகத்தை அது தாங்கிக்கொள்கிறது. எனவே வால் படத்தில் இல்லை என்பதால் கவலைப்பட வேண்டாம். மோதிய இடத்திலிருந்து விமானம் வந்த திசையில், பின்பக்கமாகத் தேடுங்கள். வானில் உடைந்திருந்தால் இறக்கை நுனி, வால் துண்டுகள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் கிடக்கும், அவற்றுக்கிடையே தரையில் மோதல் தடம் இருக்காது. சி-46இல் இது நடக்கக்கூடியதே. தொடக்ககால விமானங்களில் எரிபொருள் கசிந்து, இறக்கை உடலோடு சேரும் காற்றோட்டம் இல்லாத இடத்தில் தேங்கி, தீப்பொறி பட்டு வெடித்தது. காற்றோட்டத் துளைகள் வைத்தபிறகுதான் குறைந்தது. கார்புரேட்டரில் பனி படிந்து இன்ஜின் நிற்பதும், புரொப்பெல்லரின் மின் கட்டுப்பாடு கெடுவதும் மற்ற இரண்டு தீராத தொல்லைகள்.

புரொப்பெல்லர் இதழ்களை அவசியம் ஒவ்வொன்றாகப் படமெடுங்கள், பக்கத்திலிருந்தும் நுனியிலிருந்தும். இன்ஜின் முழுவிசையில் சுழன்றபடி மோதினால் இதழ்கள் முறுக்கிக்கொண்டு, நுனி முன்பக்கமாக வளையும், எல்லா இதழும் ஒரே மாதிரி. விசையில்லாமல் சும்மா சுற்றியிருந்தால் பின்பக்கமாக மடங்கும். விமானியே நிறுத்தி இதழ்களைக் காற்றுக்கு நேராகத் திருப்பியிருந்தால் இதழின் விளிம்பு முன்நோக்கி நிற்கும், ஒன்றிரண்டு இதழ் மட்டும் வளைந்திருக்கும். ஒரு புரொப்பெல்லர் இப்படியும் மற்றது அப்படியும் இருந்தால், ஒற்றை இன்ஜினில் உயரம் இழந்துகொண்டே வந்திருக்கிறார்கள் என்று பொருள். முழுச்சுமையோடு இருக்கும் இரட்டை இன்ஜின் விமானம் ஒன்றை இழந்தால் அந்த மலைகளுக்கு மேல் உயரத்தைத் தக்கவைக்க முடியாது. சால்வீன், மேக்காங் ஆறுகளுக்கு இடையிலுள்ள சாந்சுங் தொடர் மட்டுமே 15,000 அடியைத் தொடும்.

ஹம்ப் விபத்துகள் எல்லாவற்றுக்கும் உயரமானி தவறாகக் காட்டியதே காரணம் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியவில்லை. காற்று வழக்கத்தைவிட 10 பாகை குளிர்ந்தால், உண்மையான உயரம் காட்டுவதைவிட ஏறத்தாழ 4 சதவீதம் குறையும் என்பது சரி. ஆனால் 27 பாகை அட்சரேகையில் குளிர்காலத்தில்கூடக் காற்று அவ்வளவு குளிர்வது அரிது. அலாஸ்காவுக்குப் பொருந்தும் காரணம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே கொன்றது முகடுகளுக்குப் பின்னால் இறங்கும் கீழ்க்காற்று, இறக்கைப் பனி, வழி விலகல். 1945 ஜனவரி 6, 7 புயலில் பல விமானங்கள் போனதும் இப்படித்தான்.

டிரம்கள் ஒரு நல்ல துப்பு. எரிபொருள் டிரம் கிழக்கே, சீனாவுக்குப் போன சரக்கு. திரும்பி வரும்போது ஆட்கள், டங்ஸ்டன் தாது, தகரம், பன்றி மயிர் போன்றவை. நசுங்கிய டிரம்கள் நிறைய இருந்தால் அசாமிலிருந்து புறப்பட்ட விமானங்களை முதலில் தேடுங்கள். சபுவா, மோகன்பாரி, சுக்கேரேட்டிங், தின்ஜான், ஜோர்ஹாட் என்று புறப்பட்ட தளங்கள் பல, ஆனாலும் பட்டியல் பாதியாகிவிடும்.

எலும்பு காணாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அங்குள்ள ஈரமான அமில மண் எலும்பைக் கரைத்துவிடும். பற்கள் மட்டும் நீடிக்கும், அவற்றை மேலோட்டமாகப் பார்த்துக் காண முடியாது. அதே நேரம் குதித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஹம்ப்பில் ஏறத்தாழ 1,200 பேர் மீட்கப்பட்டோ நடந்தோ வந்திருக்கிறார்கள். ஆட்கள் குதித்தபின் ஆளில்லா விமானம் வெகுதூரம் பறந்து எங்கோ விழுந்திருக்கும். எம்.ஏ.சி.ஆர். கிடைத்ததும், அதன் பின்பக்கங்களில் 'பணிக்குத் திரும்பினார்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று கடைசித் தாள் வரை படித்துவிடுங்கள்.

எல்லைப்பாதை

போவதற்கு முன்: அருணாச்சலுக்குள் நுழைய இந்தியர்களுக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும், இணையத்தில் எடுக்கலாம். வெளிநாட்டவர் குழுவில் இருந்தால் அவர்களுக்குத் தனி அனுமதி. காடு பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் வனத்துறை அனுமதியும். மாவட்ட துணை ஆணையர் அலுவலகத்திலும், அந்தக் காட்டுக்குரிய ஊரின் காவ்ன் பூராவிடமும் (ஊர்த் தலைவர்) முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். காடு ஊருடையது. கண்டுபிடித்ததும் அவர்களே.

நவம்பர் என்றாலும் வானிலையை எளிதாக எடுக்க வேண்டாம். 1945 ஜனவரியில் 13 பேரோடு மறைந்த ஒரு சி-46ஐத் தேடிய பயணத்தில், 2018 செப்டம்பரில் வந்த பனிப்புயலில் மூன்று உள்ளூர் வழிகாட்டிகள் குளிரில் உறைந்து இறந்தார்கள். அந்த விமானம் 2021 டிசம்பரில்தான் கிடைத்தது, வால் எண்ணை வைத்து உறுதி செய்தார்கள். உங்கள் வழிகாட்டிகளுக்கும் உங்களுக்கு இருக்கும் அதே தரத்தில் உறக்கப்பையும் மழைச்சட்டையும் இருக்க வேண்டும். இது பேரம் பேசும் விஷயம் இல்லை.

தொடக்கூடாதவை. சரக்கு விமானம் என்பதால் வெடிமருந்து இருக்காது என்று நினைக்காதீர்கள். குண்டும் தோட்டாவும் கூடச் சரக்காகவே போயின. ஆயுதமே இல்லாத விமானத்திலும், நட்பு விமானமா என்று ரேடாருக்குப் பதில் சொல்லும் பெட்டிக்குள் ஒரு சிறு வெடிப்பொருள் வைத்திருப்பார்கள். பெட்டி எதிரி கையில் சிக்காமல் அழிப்பதற்காக. இணைப்பிகள் நிறைந்த கறுப்புப் பெட்டி எதையும் அசைக்கவோ திறக்கவோ வேண்டாம். சமிக்ஞை ஒளித் தோட்டாக்கள், ஆக்சிஜன் சிலிண்டர்கள் அப்படியே கிடக்கட்டும். கருவி முகப்புகளில் உள்ள ஒளிரும் பூச்சு ரேடியம். இப்போது ஒளிராது, ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. சுரண்டக் கூடாது, கண்ணாடி உடைந்ததைக் கையில் எடுக்கக் கூடாது, நினைவுப் பொருளாகப் பைக்குள் போடவே கூடாது. கிழிந்த அலுமினியம் கத்திபோல வெட்டும். தடித்த தோல் கையுறை, டெட்டனஸ் ஊசி இரண்டும் கட்டாயம்.

எலும்போ, காலணியோ, மோதிரமோ, படைவீரர் கழுத்தில் அணியும் அடையாள வில்லையோ தென்பட்டால் அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள். எடுக்காமல், கழுவாமல், இருந்த இடத்திலேயே படம். வில்லை மேலாகக் கிடந்தால் எழுத்துத் தெரியும் பக்கத்தை மட்டும் படமெடுத்தால் போதும். அதில் பெயரும் ராணுவ எண்ணும் இருக்கும். அதிகாரி என்றால் எண்ணுக்கு முன் 'ஓ' எழுத்து வரும். அந்த ஒரு வில்லை எம்.ஏ.சி.ஆர். பெயர்ப்பட்டியலோடு பொருந்தினால் விமானம் எது என்று தெரிந்துவிடும். அதை இணையத்தில் போடாதீர்கள், எக்காரணம் கொண்டும். உறவினர்கள் இன்னும் இருக்கலாம், அவர்கள் இதை ஒரு கைபேசித் திரையில் முதலில் பார்க்கக் கூடாது.

சொல்ல வேண்டியது உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும். அமெரிக்கர்கள் என்றால், காணாமல்போன படைவீரர்களைத் தேடும் அவர்களுடைய டி.பி.ஏ.ஏ. அமைப்புக்கும் ஆயத்தொலைவும் படங்களும் அனுப்பலாம். இந்திய அரசின் அனுமதியோடுதான் அவர்கள் வருவார்கள், காந்திநகர் தேசியத் தடயவியல் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது. அருணாச்சலில் கிடைத்த எச்சங்கள் 2016 ஏப்ரலில் டெல்லியிலிருந்து மரியாதையோடு அனுப்பப்பட்டன. அவர்கள் மண்ணைக் கட்டம் கட்டமாகத் தோண்டி, சுமார் 6 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலிப்பார்கள். ஒரு பல் எந்தக் கட்டத்தில் கிடைத்தது என்பதுகூட அவர்களுக்கு முக்கியம். நாம் கிளறிவிட்டால் அந்தத் தகவல் போயே போய்விடும்.

இரட்டைவரிசை

தகடுகளைப் படமெடுப்பது பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கம்பி பிரஷ், எலுமிச்சை, அமிலம் எதுவும் வேண்டாம், எழுத்து ஆழமில்லாதது, ஒரே தேய்ப்பில் போய்விடும். தண்ணீரும் மென்மையான பல் தேய்க்கும் பிரஷும் போதும். பிறகு தகட்டை நிழலாக்கிவிட்டு, டார்ச்சைக் கிட்டத்தட்டத் தகட்டோடு படுக்கவைத்துப் பக்கத்திலிருந்து அடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எண் எழுந்து நிற்கும். டார்ச்சை நாலு பக்கமும் மாற்றி நாலு படம். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து ஒரு படியும் எடுத்துக்கொள்ளுங்கள், கைபேசி நனைந்து போனாலும் அது இருக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் மூன்று தூரம்: எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று தெரிய ஒன்று, அந்தப் பாகம் எங்கே கிடக்கிறது என்று தெரிய ஒன்று, எண்ணுக்கு ஒன்று. அளவுகோல் இல்லாவிட்டால் ஒரு நாணயம்.

வால் கிடைத்து, பெயின்ட் முழுக்க உதிர்ந்திருந்தாலும் விட்டுவிடாதீர்கள். எண் எழுதியிருந்த இடத்தில் பெயின்ட் இருந்த காலம்வரை உலோகத்தைக் காத்திருக்கும், சுற்றியிருப்பது முன்பே அரித்திருக்கும். ஈரம் காய்ந்தபின் அதே சாய்வு வெளிச்சத்தில் இலக்கங்களின் வடிவம் மங்கலாகத் தெரியும்.

இன்ஜின் தகடு கிராங்க்கேஸில் (சிலிண்டர்கள் பொருந்தியிருக்கும் நடு உடல்) இருக்கும். மேலே கிடக்கும் இன்ஜினில் அது மண்ணுக்குள் போயிருந்தால், இன்ஜினைப் புரட்ட முயலாதீர்கள். ஒரு டன் எடை, சரிவான நிலம், அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. அப்போது ஓடையில் கிடப்பதன் தகட்டைப் பாருங்கள், தண்ணீர் அரித்து வெளியே தெரிய வாய்ப்பு அதிகம். அந்த எண்ணையும் பாகங்களின் '20-' எண்களையும் இங்கே போட்டால், சி-46க்கான எம்.ஏ.சி.ஆர்.களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

மலைச்சரிவு

குறித்துக்கொண்டேன். டார்ச், பல் பிரஷ், தாள், பென்சில், கையுறை பட்டியலில் சேர்ந்தாயிற்று. வழிகாட்டிகள் நால்வருக்கும் உறக்கப்பை கேட்டிருக்கிறோம். திரும்பியதும் தகட்டு எண்களை மட்டும் இங்கே பதிவிடுகிறேன். வேறு எது கிடைத்தாலும் மாவட்ட நிர்வாகத்துக்கு.